நாலு செல் பேரலலா, இரண்டு செல் சீரிஸா: பெரிய டார்ச்சில் கை வைப்பதற்கு முன்

பெரிய டார்ச் ஒன்றை வாங்கிப் பிரித்து மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் லூமென் (மொத்த வெளிச்ச அளவு) கணக்கைப் பார்த்தே மாடலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது செல்கள் உள்ளே எப்படி இணைந்திருக்கின்றன என்பதைத்தான். எந்த மாற்றம் பலன் தரும், எது வீண் வேலை, தவறு நடந்தால் எவ்வளவு ஆபத்து எல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது. பேரலல் (செல்கள் பக்கம் பக்கமாக, மின்னழுத்தம் ஒரு செல்லினுடையதே), சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக, மின்னழுத்தம் கூடும்) இரண்டுக்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. சோஃபிர்ன் க்யூ8: நான்கு 18650 (லித்தியம்-அயன் செல்லின் அளவுப் பெயர்) செல்கள் பேரலலாக, நான்கு எக்ஸ்பி-எல் எல்இடிகளுக்கு. கான்வாய் எல்6: இரண்டு 26650 (அதைவிடப் பருத்த அளவு) செல்கள் சீரிஸில், ஒரே பெரிய எக்ஸ்ஹெச்பி70.2 எல்இடிக்கு. முன்னது அகலமாகப் பரப்பும், பின்னது தூரம் அடிக்கும்.

க்யூ8 டிரைவருக்கு (எல்இடிக்கு மின்சாரத்தை அனுப்பும் போர்டு) கிடைப்பது 4.2 வோல்ட்டில் தொடங்கி 3 வரை இறங்கும் மின்னழுத்தம். உச்ச வெளிச்சத்தில் அதிலுள்ள ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஒரு ஸ்விட்ச் மட்டுமே. செல்லையும் எல்இடியையும் நேரடியாகச் சேர்த்துவிடுகிறது. எனவே வழியில் உள்ள ஒவ்வொரு மில்லி ஓமும் வெளிச்சத்தைத் தின்னும், செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். எல்6 வகைக்குக் கிடைப்பது 8.4 முதல் 6 வோல்ட் வரை. போர்டில் சுருள் இருந்தால் அது மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பக் டிரைவர். எல்இடிக்கு எவ்வளவு கரண்ட் என்பதை அதுவே நிர்ணயித்துக்கொள்ளும்.

இதனால்தான் ஒரே மாற்றம் இரண்டிலும் ஒரே பலனைத் தருவதில்லை. ஸ்பிரிங் பைபாஸை, அதாவது ஸ்பிரிங்குக்கு இணையாக ஒரு ஒயரைப் பற்றவைப்பதை, எடுத்துக்கொள்வோம். இரும்பு ஸ்பிரிங் ஒன்றின் தடை 30 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், பேரலலில் 16 ஆம்பியர் நான்காகப் பிரிந்து ஸ்பிரிங்குக்கு 4 ஆம்பியர் ஓடும், இழப்பு 0.12 வோல்ட். ஃபெட்டில் இது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, லக்ஸ் மீட்டரில் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) நிச்சயம் தெரியும். பக் டிரைவர் உள்ள எல்6-ல் அதே வேலையைச் செய்தால் உச்ச வெளிச்சம் துளியும் அதிகரிக்காது. செல் இறங்கும் கடைசிக் கட்டத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். பக்கை எடுத்துவிட்டு ஃபெட் போட்டவர்களுக்குக் கதை வேறு: ஒற்றை ஸ்பிரிங் வழியாக 10 ஆம்பியர், 0.3 வோல்ட் இழப்பு, 3 வாட் வெறும் சூடு. அங்கே பைபாஸ் கட்டாயம்.

செய்யும் முறை: 0.5 ஸ்கொயர் எம்எம் சிலிகான் ஒயர், ஸ்பிரிங்கின் முழு உயரத்தைவிடச் சற்று நீளமாக. ஸ்பிரிங்குக்குள்ளே விட்டு உச்சியிலும் அடியில் உள்ள செம்புத் தடத்திலும் பற்றவையுங்கள். அமுக்கும்போது ஒயர் உள்ளேயே மடிய வேண்டும், வெளியே பிதுங்கி அடுத்த ஸ்பிரிங்கையோ சுவரையோ தொடக் கூடாது. 60 வாட் அயர்ன், நிறைய ஃப்ளக்ஸ், மூன்று நான்கு விநாடியில் முடியுங்கள். அதிக நேரம் சூடேறிய இரும்பு ஸ்பிரிங் அமுங்கினால் எழாது. க்யூ8-ல் நான்கு ஸ்பிரிங்கையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இரண்டை மட்டும் செய்துவிட்டால் அந்த இரண்டு செல்களே பெரும் பாரத்தைச் சுமக்கும்.

பலர் மறப்பது, டிரைவரிலிருந்து எல்இடிக்குப் போகும் ஒயர். க்யூ8-ல் 16 ஆம்பியரும் பிரியாமல் ஓடும் இடம் அதுதான். 0.35 ஸ்கொயர் ஒயர் போக வரப் பத்து சென்டிமீட்டர் என்றால் சுமார் 0.08 வோல்ட் போகிறது, 0.75 ஸ்கொயர் போட்டால் அது பாதியாகும்.

பக் டிரைவரில் வெளிச்சம் கூட்ட ஒரே வழி சென்ஸ் ரெசிஸ்டர், அதாவது டிரைவர் கரண்டை அளந்துகொள்ளும் சிறு தடை. ஆர்100 என்று எழுதியிருக்கும் 0.1 ஓம் ரெசிஸ்டரின் தலைமேல் ஆர்200 ஒன்றை வைத்துப் பற்றவைத்தால் மொத்தம் 0.067 ஓம், கரண்ட் ஒன்றரை மடங்கு. 3 ஆம்பியர் 4.5 ஆகும். 6 வோல்ட் இணைப்பில் எக்ஸ்ஹெச்பி70.2-க்குத் தயாரிப்பாளர் தரும் உச்சம் 4.8 ஆம்பியர். அதற்கு மேல் போனால் முதலில் திணறுவது எல்இடி அல்ல, சுருள்தான்: காந்தத் தெவிட்டலை (அதற்குமேல் காந்தமேற இடமில்லாத நிலை) எட்டியதும் கரண்ட் எகிறி டிரைவரின் ஃபெட் கருகும்.

இனி அளவெடுப்பது. மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை நம்பாதீர்கள். ஃப்யூஸ் போவது ஒருபுறம். அதன் ஒயரின் தடையே ஃபெட் டார்ச்சின் கரண்டைப் பாதியாக்கிக் காட்டக்கூடும். யூனி-டி யுடி210இ மாதிரி டிசி க்ளாம்ப் மீட்டரும் 15 சென்டிமீட்டர் 2.5 ஸ்கொயர் ஒயரும் போதும். எல்6-ல் பின் மூடியைக் கழற்றி, செல்லின் நெகட்டிவையும் குழாயின் விளிம்பையும் அந்த ஒயரால் இணைத்து, ஒயரைச் சுற்றி க்ளாம்ப்பை மாட்டினால் வேலை முடிந்தது. விளிம்பில் சாயம் ஏறாத வெறும் அலுமினியத்தைத் தொட வேண்டும், அனோடைஸ் பூச்சு மின்சாரம் கடத்தாது. க்யூ8-ல் இப்படி ஒரு செல்லைத் தொட்டால் அந்த ஒரு செல் தனியாகத் தருவதைத்தான் காட்டும். செம்புத் தகடு ஒட்டிய போர்டை வட்டமாக வெட்டி, நான்கு ஸ்பிரிங் பற்றவைத்து, நான்கு நெகட்டிவையும் ஒன்றாக எடுக்க வேண்டும்.

கிடைத்த எண்களை நேருக்கு நேர் வைக்கவும் கூடாது. பக் டிரைவர் எல்இடிக்கு 30 வாட் தருகிறது, திறன் 90 விழுக்காடு என்றால் செல்லில் இருந்து 8.2 வோல்ட்டில் 4.1 ஆம்பியர் இழுக்கும். 7 வோல்ட்டில் 4.8. செல் இறங்க இறங்க கரண்ட் ஏறும், வெளிச்சம் அப்படியே இருக்கும். ஃபெட்டில் இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஆகவே கடைசித் தீர்ப்பு லக்ஸ் மீட்டருடையது. போன் ஆப்பின் சென்சார் இதற்குத் தாங்காது. 5 மீட்டரில் 1,200 லக்ஸ் என்றால் 1,200 × 25 = 30,000 கேண்டெலா; அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் 346 மீட்டர். டார்ச்சுகளை அளக்கும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரம் சொல்லும் தூரக் கணக்கு இதுதான். லூமென் ஒப்பிடும்போது போட்டு 30 விநாடி கழித்து அளவிடுங்கள். முதல் விநாடி எண் எல்லா டார்ச்சையும் அழகாகக் காட்டும்.

சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 400 கிராம் அலுமினியத்தில் 40 வாட் சூடு இறங்கினால் ஒன்பது விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். 20 டிகிரி அறையில் எடுத்த விமர்சனத்தைவிட, சென்னை மே மாதத்தில் டார்ச் இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். அது பழுதல்ல.

ஆபத்தில் இரண்டும் சமம் என்று சொல்ல முடியாது. எல்6-ல் ஒரு செல் தலைகீழானால் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், டார்ச் எரியாது. பேரலலில் ஒரு செல் தலைகீழானால் மற்ற மூன்றும் அதன்மேல் பாயும்: 7 வோல்ட்டுக்கு மேல், தடையோ சில பத்து மில்லி ஓம், 100 ஆம்பியர் தாண்டும். ஸ்பிரிங் சிவக்கும், செல் வாயு கக்கும். சில போர்டுகளில் இதற்குத் தடுப்பு இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. நான்கு செல்லின் தலையையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டே மூடியைத் திருகுங்கள். உள்ளே போகும் முன் நான்கும் 0.05 வோல்ட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். அரை வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பல ஆம்பியர் பாயும்.

சீரிஸின் ஆபத்து மெதுவானது. பலவீனமான செல் முதலில் காலியாகும், மற்றது அதைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளும். ஒரே மாடல், ஒன்றாக வாங்கிய இரண்டு செல்களுக்கு மார்க்கரால் அ, ஆ என்று எழுதிப் பிரிக்காமல் பயன்படுத்துங்கள். ஓட்டி முடித்ததும் இரண்டையும் அளந்து, வித்தியாசம் 0.1 வோல்ட் தாண்டினால் அந்த ஜோடியை ஒற்றைச் செல் டார்ச்சுகளுக்கு மாற்றிவிடுங்கள்.

முதன்முறை அயர்ன் பிடிப்பவருக்கு எங்கள் பரிந்துரை எல்6. ஒரே எல்இடி, உள்ளே தாராளமான இடம். ஒவ்வொரு மில்லி ஓமாகத் துரத்துவதில் ருசி கண்டவருக்கு க்யூ8. அதற்குச் செல் சாம்சங் 30க்யூவோ முராட்டா (முன்பு சோனி) விடிசி6-ஓ போதும். 3,000 எம்ஏஹெச், 15 ஆம்பியர். நான்காகப் பிரியும்போது 35 ஆம்பியர் மோலிசெல் பி26ஏ தேவைப்படாது, கொள்ளளவுதான் 400 குறையும். 9,900 எம்ஏஹெச் என்று பொய்யாக அச்சடித்த செல் எதையும் இரண்டிலும் போடாதீர்கள்.