டீசல் டிரக்கில் ஓவர்டிரைவை எப்போது அணைப்பது: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் உள்ள டீசல் பிக்கப் டிரக்கில் நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருக்கிறது. அதில் மூன்றாவது நேர் கியர், அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் வெளித்தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நான்காவது ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுற்றும் கியர்; விகிதம் 0.69. ஒரு பொத்தானை அழுத்தி அதை அணைத்தால் கியர் மூன்றுக்கு மேல் போகாது. பல ஆண்டுகளாக இதைக் காலியாகவும், பாரம் ஏற்றியும், கனமான டிரெய்லரை இழுத்தும் ஓட்டிவருகிறேன். இழுவை வேலைக்குப் போகும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். என்னுடையது இன்றுவரை பிரித்து வேலை பார்க்கப்படாமல் ஓடுகிறது. நல்ல ஆயிலும் காலந்தவறாத பராமரிப்பும் அதற்குக் காரணம்தான் என்றாலும், ஓவர்டிரைவ் பொத்தானை எந்த நேரத்தில் அணைக்க வேண்டும் என்பதில் நான் கடைப்பிடித்துவரும் ஒழுங்கையே முதற்காரணமாகக் கருதுகிறேன்.

0.69 என்றால், வெளித்தண்டு ஒரு முறை சுழல எஞ்சின் 0.69 சுற்றுச் சுற்றினால் போதும் என்று பொருள். நெடுஞ்சாலையில் ஓவர்டிரைவில் 1,700 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சின், அதே வேகத்தில் நேர் கியருக்கு இறங்கினால் ஏறத்தாழ 2,460 ஆர்.பி.எம்.முக்கு உயரும். எரிபொருள் மிச்சமும் சத்தக் குறைவும் இந்த வித்தியாசத்திலிருந்துதான் கிடைக்கின்றன. ஆனால் ஒரே வேகத்தில் ஒரே பாரத்தை இழுக்க, நேர் கியரில் தருவதைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிக முறுக்குவிசையை எஞ்சின் ஓவர்டிரைவில் தர வேண்டியிருக்கிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் திணறி, கியரை இறக்கச் சொல்லி நமக்கு உணர்த்திவிடும். டர்போ டீசல் எஞ்சினுக்கோ உச்ச முறுக்குவிசை 1,600 ஆர்.பி.எம். அளவிலேயே கிடைத்துவிடுவதால், அது முணுமுணுப்பின்றி இழுத்துக்கொண்டே போகும். அந்தக் கூடுதல் விசை முழுவதையும் டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) லாக்கப் கிளட்ச் தாங்கிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் ஓவர்டிரைவ் கிளட்ச் தட்டுகளும் அதற்கேற்ற அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஆகவே எஞ்சினால் முடிகிறது என்பதை வைத்துக் கியர்பாக்ஸாலும் முடியும் என்று முடிவுகட்டக் கூடாது.

லாக்கப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லாக்கப் பிடித்திருக்கும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் நேரடியாக இணைந்திருப்பதால் கன்வெர்ட்டரில் வழுக்கல் இல்லை, வெப்பமும் மிகக் குறைவு. அது விடுபட்டவுடன் விசை ஆயில் வழியாகக் கடத்தப்படுகிறது; எஞ்சினின் உழைப்பில் ஒரு பகுதி ஆயிலைக் கலக்குவதிலேயே வெப்பமாகக் கரைகிறது. ஏற்றத்தில் ஓவர்டிரைவில் விட்டுவிட்டால் நடப்பது இதுதான்: ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம், லாக்கப் விடுபடுகிறது, இன்னும் அழுத்தினால் கியர் மூன்றுக்கு இறங்குகிறது, வண்டி வேகமெடுத்ததும் காலைத் தளர்த்துகிறோம், மீண்டும் நான்காவது, மீண்டும் லாக்கப், மீண்டும் விடுபடல். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒரு கிளட்ச் வழுக்கியபடிதான் பிடிக்கிறது. வண்டியின் வேகம் மாறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் 200, 300 ஏறினால் லாக்கப் விடுபட்டுவிட்டது என்று அறியலாம். அந்த முள் ஏறி இறங்கத் தொடங்கினாலே போதும், இரண்டாவது முறை பார்க்கக் காத்திராமல் பொத்தானை அணைத்துவிடுகிறேன். என் கியர்பாக்ஸில் நேர் கியரிலும் லாக்கப் உண்டு என்பதால், அணைத்த சற்று நேரத்தில் அது பிடித்துக்கொண்டு வெப்பம் தணியத் தொடங்குகிறது.

ஆகவே வேகமோ பாரத்தின் எடையோ மட்டும் எனக்கு அளவுகோல் அல்ல. லாக்கப் விடுபடாமலும் கியர் மாறாமலும் அந்தச் சாலையில் வண்டியால் ஓட முடிந்தால் ஓவர்டிரைவ் இருக்கட்டும், முடியாவிட்டால் வேண்டாம். கனமான டிரெய்லர் இருந்தாலும் சமதளத்தில் காற்று சாதகமாக இருந்தால் ஓவர்டிரைவ் தாராளமாக நிலைத்து நிற்கும். அதே டிரெய்லர் உயரமான பெட்டி வடிவில் இருந்து எதிர்காற்றும் வீசினால், மேடே இல்லாத சாலையிலும் ஓவர்டிரைவ் நிலைக்காது. நகரப் போக்குவரத்தில் மணிக்கு 60, 70 கிலோமீட்டரை ஒட்டி வேகம் ஏறி இறங்கும்போது, வண்டி காலியாக இருந்தாலும் அணைத்தே ஓட்டுகிறேன்.

அணைக்கும் தருணமும் முக்கியம். பாதி ஏற்றத்தில், முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் தவிக்கும்போது கியரை இறக்குவது கிளட்ச் தட்டுகளுக்கு மிகக் கடுமையான மாற்றம். ஏற்றத்தின் அடிவாரத்திலேயே காலைச் சற்றுத் தளர்த்திப் பொத்தானை அழுத்தினால் கியர் மென்மையாக இறங்கிவிடும். அதற்கு முன் ஆர்.பி.எம்.மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓவர்டிரைவில் 1,900 என்றால் நேர் கியரில் ஏறத்தாழ 2,750 ஆகும், பல கனரக டீசல் எஞ்சின்களின் வரம்பை அது நெருங்கிவிடும்.

இறக்கத்திலும் இதே கவனம் தேவை. பழைய டீசல் எஞ்சின்களில் பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல் காற்றைத் தடுக்கும் த்ராட்டில் வால்வு இல்லாததால், காலை எடுத்தால் மட்டும் வண்டி பெரிதாகக் கட்டுப்படாது. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) பொருத்தியிருந்தாலும் அதன் வலிமை ஆர்.பி.எம்.மோடுதான் கூடும். ஓவர்டிரைவில் 1,500ல் அது ஏதோ பேருக்கு இழுக்கும். நேர் கியரில் 2,200ல் அதன் உண்மையான பிடிப்புத் தெரியும். இறக்கம் தொடங்கும் முன்பே அணைத்துவிடுவதால் சக்கர பிரேக்குகளும் சூடேறாமல் தப்புகின்றன.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு வெப்பமானி ஒன்றைப் பொருத்திக்கொள்வது, கூடுதலாகச் செய்யும் எந்த வேலையையும்விடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. ஆயில் பேனில் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) சுமார் 80 டிகிரி செல்சியஸ் வசதியான வெப்பநிலை. அதற்கு மேல் ஏறக்குறைய 11 டிகிரி உயரும் ஒவ்வொரு முறையும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கும் தோராயக் கணக்கு. சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் லாக்கப் விடுபட்ட நொடியிலேயே முள் பாயும், பேனில் வைத்தால் மெதுவாகவே நகரும். நீண்ட ஏற்றத்துக்குப் பின் நிறுத்தினால் உடனே எஞ்சினை அணைக்காமல், கைபிரேக்கை இழுத்து நியூட்ரலில் சற்று நேரம் ஓடவிடுகிறேன். சில பழைய கியர்பாக்ஸ்களில் பார்க் நிலையில் கூலருக்கு ஆயில் போகாது என்பதால்தான் நியூட்ரல்.

இவ்வளவும் சொன்னதால் ஓவர்டிரைவை எப்போதும் அணைத்தே வைக்கலாம் என்று யாரும் கொள்ள வேண்டாம். காலி வண்டியை நெடுஞ்சாலையில் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டுவதால் கியர்பாக்ஸுக்கு ஒரு நன்மையும் இல்லை, டீசல்தான் வீணாகும்.

பிற்காலக் கியர்பாக்ஸ்களில் நிலைமை எளிதாகியிருக்கிறது. 2001ல் பிக்கப் டிரக்குகளுக்கு வந்த ஐந்து கியர் அலிசன் 1000 கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் 0.71. 2006 மாடலில் அது ஆறு கியர் ஆனபோது 0.61 என்ற இரண்டாவது ஓவர்டிரைவும் சேர்ந்தது. இழுவை வேலைக்கான டோ-ஹால் பொத்தானை அழுத்தினால் மேல் கியருக்கு மாறுவது தாமதமாகும், கியர் முன்கூட்டியே இறங்கும். ஆனாலும் எதிரே வரும் ஏற்றம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்பதால், அந்த வண்டிகளிலும் பாரத்தோடு போகும்போது மேல் கியரை அடிவாரத்திலேயே கையால் தடுத்துவைப்பதையே பரிந்துரைக்கிறேன்.

பராமரிப்பில், இழுவை வேலை செய்யும் வண்டிக்குக் கையேட்டில் உள்ள கடினப் பயன்பாட்டு அட்டவணையையே பின்பற்றுகிறேன். ஆயிலும் ஃபில்டரும் மாற்றும்போது பேண்டுகளையும் (கியர்பாக்ஸின் உள்ளே டிரம்களைப் பிடிக்கும் பட்டைகள்) சரிசெய்து, பேனில் உள்ள காந்தத்தைத் துடைத்துப் பார்க்கிறேன். மாவு போன்ற மெல்லிய கரிய படிவு இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் உலோகத் துணுக்குகளோ ஆயிலில் கருகல் வாடையோ இருந்தால், அடுத்த பாரத்தை ஏற்றுவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.