ஷின்ஜுகு நாகமுராயா: கோழிக்குழம்பும் அதற்குப் பின்னால் ஒரு குடும்பமும்

டோக்கியோவில் இந்தியச் சாப்பாடு என்று தேடினால் ‘நான்’ ரொட்டியும் தந்தூரியும் போடுகிற கடைகள் வரிசையாக வரும், நாகமுராயா அந்த ரகம் இல்லை. ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் கிழக்கு வாசல் பக்கம் இருக்கிற இது அடிப்படையில் ஒரு ஜப்பானிய ரொட்டிக்கடை. நிலத்தடித் தளத்து உணவகத்தில் கிடைக்கும் ‘இந்தியக் கறி’ 1927-இல் அறிமுகமானது.

முதலில் சாப்பாடு. சோறு தனித் தட்டில், குழம்பு தனிக் கிண்ணத்தில். எலும்போடு கோழித்துண்டுகள், நல்ல பெரிதாக, கரண்டி பட்டாலே பிரிந்து வரும் பதத்தில். நம்மூர்க் கோழிக்குழம்பை மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், தேங்காய் கிடையாது, மிளகாய் தூக்கலாக இருக்காது, வெங்காயமும் மசாலாவும் வதங்கிக் கரைந்த தளதளப்பான குழம்பு. ஊறுகாய், மாங்காய் சட்னி, அப்புறம் சீஸ் தூள். அந்தச் சீஸ் தூளை எதில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை, ஓரமாக வைத்துவிட்டேன். மற்றபடி தட்டு காலி.

சரி, ரொட்டிக்கடையில் எப்படி இது? காரணம், விடுதலைப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ். 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டவர், 1915-இல் தாகூரின் உறவினர் என்று சொல்லிப் பெயரை மாற்றிக்கொண்டு ஜப்பானுக்குத் தப்பினார். பிரிட்டன் நெருக்க, சில நாட்களில் நாட்டைவிட்டு வெளியேறு என்று ஜப்பான் அரசு உத்தரவு போட்டது. அப்போது ஜப்பானியத் தீவிர தேசியவாதி தோயாமா மிட்சுரு தன் வீட்டு வழியாக அவரைத் தப்பவைத்தார், நாகமுராயா கடைக்குப் பின்னால் இருந்த ஓவியக்கூடத்தில் ஒளித்துவைத்தது கடை முதலாளிகள் சோமா ஐசோவும் மனைவி கொக்கோவும். தோயாமாவை நான் ரொம்பப் புகழமாட்டேன், ஜப்பான் ஆசியாவில் கால் பரப்ப வேண்டும் என்று துடித்த கூட்டம் அது, நம் விடுதலையில் அவர்களுக்குக் கணக்கு இருந்தது. சோமா தம்பதிக்கு அப்படி என்ன கணக்கு? பிடிபட்டால் கடையே போயிருக்கும்.

1916-இல் உத்தரவு கைவிடப்பட்டாலும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் விடவில்லை, போஸ் வீடு மாறிக்கொண்டே இருந்தார். 1918-இல் அவரை மணந்துகொண்டது சோமாவின் மகள் தோஷிகோ. தலைமறைவு வாழ்க்கையிலேயே இரண்டு குழந்தைகள், 1925-இல் இருபதுகளின் வயதிலேயே தோஷிகோ இறந்துபோனார். அன்னி பெசன்டுக்குச் சென்னையில் கடற்கரையோரம் ஒரு நகரே இருக்கிறது, நிவேதிதாவைப் பாரதி குருவென்று கொண்டாடியதும் நமக்குத் தெரியும், தோஷிகோ என்று சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாமனார் கடையில் உணவகம் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, அசல் இந்தியக் குழம்புதான் வேண்டும் என்று போஸ் பிடிவாதம் பிடித்தார். ஜப்பானில் அன்றிருந்தது ஆங்கிலேயர் வழியாக வந்த, கோதுமை மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. நம் நாட்டுச் சமையலையும் அவர்கள் வழியாகத்தான் சாப்பிடணுமா என்கிற கோபம் அதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். போஸின் குழம்பு அன்று மற்ற கடைகளைவிடப் பல மடங்கு விலை, ஆனாலும் விற்றது. இன்றும் மலிவு இல்லை, கையைக் கடிக்கும்.

மதிய நேரத்தில் வரிசை நிற்கும், கொஞ்சம் தள்ளிப் போவது உத்தமம். மாட்டிறைச்சிக் குழம்பும் உண்டு, வேண்டாதவர்கள் கோழி என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டதும் மூன்றாம் மாடியில் உள்ள சின்ன ஓவிய அருங்காட்சியகத்துக்கு ஏறிப் பாருங்கள், சோமா குடும்பம் ஆதரித்த கலைஞர்களின் படைப்புகள் அங்கே இருக்கின்றன. ஊருக்குக் கொண்டுபோக இதே குழம்பு சுடவைக்கும் பொட்டலமாகவும் கிடைக்கிறது, ஆனால் சுவையில் உணவகத்துக்கு ஒரு படி கீழேதான்.