ஊர் விடுமுறையில் மூட்டுவலிக்கு என்ன பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்

மாதவிடாய் நின்றதிலிருந்து காலையில் விரல் மடங்காது, தோளைத் தூக்கினால் குத்தல், தொடையில் காரணமே இல்லாமல் பிடிப்பு. நான் வசிக்கும் நாட்டில் குடும்ப மருத்துவர் வயசு என்று சொல்லி பாரசிட்டமால் எழுதிக் கொடுத்துவிடுவார், நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரிலோ ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நிபுணர் எல்லாமே ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேகம் வசதிதான், ஆனால் தேவையில்லாததும் அதே வேகத்தில் நம் தலையில் ஏறிவிடும்.

லேபுக்குப் போனதும் பெரிய பேக்கேஜ் ஒன்றை நீட்டினார்கள். வேண்டாம் என்று முதலில் மூட்டுவாத நிபுணரைப் பார்த்தேன், அங்கேதான் உருப்படியான விஷயம் நடந்தது. காலை இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது, மூட்டு வீங்கிச் சூடாகிறதா, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறீர்களா, மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எடுத்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார் (அந்த மாத்திரைகளில் சில மூட்டுவலி தரும், ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி தரும்). அப்புறம் ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பவை), ஆன்டி சிசிபி (முடக்குவாதத்துக்குப் பார்ப்பது), தைராய்டு, வைட்டமின் டி, அவ்வளவுதான் எழுதினார். இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து வீக்கமும் இருந்தால் முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று தேட வேண்டும், எனக்கு நடக்க ஆரம்பித்தால் சீக்கிரமே விட்டுவிடும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது எலும்பு மட்டுமல்ல, தசை, தசைநார், மூட்டு எல்லாமே அதை உணரும் என்றார். வலியை நாம் கற்பனை செய்யவில்லை. 2024இல் மருத்துவ இதழ் ஒன்றில் இந்தத் தொல்லைகளை எல்லாம் சேர்த்து ஒரே பெயர் வைக்கலாம் என்று எழுதினார்கள், பத்தில் ஏழு பேருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் வரும் என்கிறது அந்தக் கட்டுரை. இத்தனை பேருக்கு வருவதற்கு இவ்வளவு தாமதமாகவா பெயர் வைப்பது!

பிசியோதெரபியில் ஏமாற்றமும் உண்டு, லாபமும் உண்டு. முதலில் போன இடத்தில் படுக்கவைத்து மின் பட்டைகளை ஒட்டிவிட்டுப் போனார்கள், அன்றைக்குச் சுகம், மறுநாள் பழையபடி. விடுமுறை முடிந்து திரும்பிப் போனபின் அந்த மெஷினை எங்கே தேடுவது? அடுத்த இடத்தில் ஒரு பெண் தெரபிஸ்ட், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது என்று நான் தனியாகச் செய்யக்கூடியதை மட்டும் சொல்லிக் கொடுத்து, தப்பாகச் செய்வதையெல்லாம் அங்கேயே திருத்தினார். வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள், முதலில் கொஞ்சம் வலித்தால் பயப்படாதீர்கள், மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எடையைக் குறையுங்கள் என்றார். போன காசுக்கு இதுதான் ஈடு.

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுத்தேன். டி ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் நிலை. ஆனால் அடர்த்தி குறைவதால் மட்டும் வலி வராது, எலும்பு முறிந்தால்தான் தெரியும், அதனால் இந்த ஸ்கேனில் வலிக்கு விடை தேடாதீர்கள். வேறு மெஷினில் எடுத்த எண்களை நேரடியாக ஒப்பிடவும் முடியாது, மறுமுறை எங்கே எடுப்பீர்கள் என்பதை யோசித்துவிட்டு எடுங்கள்.

உறவினர்கள் சிபாரிசு செய்யும் லேபிள் இல்லாத பொடி, மாத்திரை பக்கமே போகவேண்டாம். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது, வலி உடனே குறைவதற்குக் காரணமும் அதுதான்.

குறைந்த ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் சிகிச்சை பற்றியும் அந்த மூட்டுவாத நிபுணரிடம் கேட்டேன். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் ஆரம்பித்தால் பொதுவாக ஆபத்து குறைவு, ஆனால் மூட்டுவலிக்காக மட்டும் கொடுப்பதில்லை, தொடர்ந்து கவனிக்கிற மருத்துவர் இருக்கும் இடத்தில் ஆரம்பியுங்கள் என்று ரிப்போர்ட்டோடு கடிதமும் எழுதித் தந்தார். திரும்பி வந்ததும் கடிதத்தை இங்கே கொடுத்துவிட்டேன், அப்பாயின்ட்மென்ட் இன்னும் வரவில்லை.