பெரிய படம்: கண்ணாடிச் சட்டமா, கேன்வாஸா?

அப்பா அம்மா கல்யாணப் படத்தை 24×36 அங்குலத்தில் கூடத்தில் மாட்ட நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது: தாளில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதா, கேன்வாஸ் துணியில் அச்சிட்டு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவதா?

எடை: 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே 4 கிலோவைத் தாண்டும். சுவரில் ஓட்டை போட்டு ரால் பிளக் (திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழல்) வைக்க வேண்டும். கேன்வாஸுக்கு இரண்டு ஆணி போதும்.

வெளிச்சம்: ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் கண்ணாடியில் முகத்தை விட ஜன்னல் கம்பிதான் தெரியும். கேன்வாஸ் அவ்வளவு பளபளக்காது.

நுணுக்கம்: அம்மாவின் பட்டுச்சேலைக் கரை இழை இழையாகத் தெரிய வேண்டுமா? கண்ணாடிக்குள் வைக்கும் தாள் அச்சுதான் சரி. கேன்வாஸின் நெசவு அதை மழுக்கிவிடும். ஆனால் தாள் கண்ணாடியைத் தொடாதபடி ஓரத்தில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகமே உரிந்துவிடும்.

துடைப்பது: கண்ணாடி எளிது.

வாடகை வீடு என்றால் கேன்வாஸ். சொந்தச் சுவர், குடும்பப் படம் என்றால் கண்ணாடியைத்தான் சொல்வேன்.