வயரிங் பாஸிடம் ஏமாந்த கதை: எர்த் வயரில் கரண்ட் வந்தது

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களும் பின்பக்கம் அறை இறக்குகிறவர்களும் இதைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். வயரிங் செய்த பாஸ், அதாவது வேலைக்காரர், யார் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். அவருடைய பிள்ளையும் என் மகளும் ஒரே வகுப்பு. பெயர் போடமாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாரி தொடங்கின நேரம். பேரிங் போய் ஒரு கிழமை கடையில் கிடந்த தண்ணி மோட்டரை மெக்கானிக் தம்பி கொண்டுவந்து கிணற்றடியில் ஒரு பலகைத் துண்டில் வைத்தான். போல்ட் இன்னும் இறுக்கவில்லை. சுவிட்சை நிற்பாட்டிவிட்டு வயர்களைப் பார்த்தான்: ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது. யாராக இருந்தாலும் கோடு போட்டதை எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்) என்றுதான் எடுப்போம். அவனும் அதை மோட்டர் உடம்பில் முடுக்கி, மற்ற இரண்டையும் உள்ளே கொடுத்தான். சுவிட்சைப் போட்டால் மோட்டர் ஓடவில்லை. "இரைச்சலாவது கேக்குதா?" என்று அம்மா ஈரக் காலோடு போய்க் கையை வைத்தா.

அம்மா கத்தவில்லை. தோளில் இருந்து ஒரு உதறல், அதே நொடியில் வீட்டுக்குள்ளே ட்ரிப் சுவிட்ச் டக் என்று விழுந்த சத்தம். அப்படியே மணலில் இருந்துவிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுத்தோம், ஒன்றும் இல்லை. அந்த ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வகை, அந்தளவு கரண்ட் கசிந்தாலே தானாக நிற்பாட்டிவிடும். பழையது டெஸ்ட் பட்டனை அமத்தினாலும் விழவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்தான் மாற்றியிருந்தோம். மாற்றாமல் விட்டிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

கதை தொடங்குவது அதற்கு ஏழு மாதம் முன்னால். எங்களுடையது சுனாமிக்குப் பிறகு 2006இல் கட்டின வீடு, முழுக்கச் சிவப்பு, கறுப்பு, பச்சை வயர். என் கணவர் கட்டாரில் இருந்து காசு அனுப்ப, பின்பக்கம் ஒரு அறையும் குசினியும் கட்டினோம். வயரிங்குக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு பாஸ் வந்தார். கூலி 60,000 ரூபா. வயர் தானே எடுத்து வருவதாகச் சொல்லி 85,000 வாங்கினார். பில் கேட்டதற்கு, "தங்கச்சி, நம்ம கடைதான், பிறகு தாறன்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அது என் பிழை.

வேலை முடிந்த அன்று பிரேக்கர் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று கலர் கலராய்ப் பிளாஸ்டிக் டை கட்டி, வயர்கள் வகிடு எடுத்த தலைமாதிரி இருந்தன. படம் எடுத்து கணவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, "மனுசன் என்ன வடிவாச் செய்திருக்கார்" என்று வேறு எழுதினேன். அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வெட்கம்.

அம்மாவுக்கு அடித்த பிறகு களுவாஞ்சிகுடியில் இருந்து வேறொரு தம்பியைக் கூப்பிட்டோம். என்.வி.கியூ. (தொழிற்தகைமைச் சான்றிதழ்) படித்தவன், கரண்ட் பார்க்கும் மீட்டர் இல்லாமல் எதையும் தொடமாட்டான். முதலில் கிணற்றடி வயரை எடுத்தான். லைவுக்கு, அதாவது கரண்ட் வருகிற வயருக்கு, போடவேண்டிய கபில (பிரவுன்) வயர் முடிந்துபோக, பாஸ் கோடு போட்ட வயரையே லைவாக இழுத்திருக்கிறார். எர்த்துக்கு எங்கேயோ மிஞ்சின கறுப்புத் துண்டு. சுவிட்ச் பக்கத்து நுனியில் கோடு போட்ட வயரைச் சுற்றிச் சிவப்பு டேப் இருந்தது. மோட்டர் பக்கத்திலும் ஒட்டித்தான் இருக்கிறார், ஆனால் அது வெயிலில் பசை இளகி நழுவி, குழாய் வாயில் மணல் அப்பிச் சுருண்டு கிடந்தது. ஏழு மாதம் மோட்டர் ஓடியதும் சரிதான், கொடுத்தவருக்கு எது எது என்று தெரியும். கழற்றி மாட்ட வந்த அடுத்த ஆளுக்குத்தான் அது பொறி.

டேப் விழாமலே இருந்தாலும் அது பிழை என்றான் தம்பி. மற்ற நிற வயர்களை நுனியில் டேப்போ ஸ்லீவோ (வயர் மேல் மாட்டும் சின்னக் குழாய்) போட்டு நிறம் மாற்றிக் காட்டலாம். உதாரணமாக, பல்ப் சுவிட்சுக்கு இறங்கி ஏறுகிற வயரில் நீலம் லைவாக வந்தால் இரண்டு நுனியிலும் கபில ஸ்லீவ் போடவேண்டும். பச்சை-மஞ்சள் வயருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அது எர்த், வேறு எதற்கும் தொடக்கூடாது, மேலே எந்த டேப்பும் சுற்றக்கூடாது.

பாஸுக்குப் போன் எடுத்தேன். "கரண்டுக்கு நிறம் தெரியுமா தங்கச்சி? எல்லாம் செம்புதான்" என்றார். குசினியில் நீலத்தில் லைவ் கொடுத்ததைக் கேட்டதற்கு, "நீலமும் ஃபேஸ்தான், நான் முப்பது வருசமா இந்த வேலை செய்றன்" என்றார். ஃபேஸ் என்றாலும் லைவ்தான். இதில் அவர் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. பழைய முறையில் மூன்று ஃபேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கறுப்பு. புது முறையில் மூன்று ஃபேஸ் கபிலம், கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். அதாவது நீலமும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. இலங்கையில் நாங்கள் பின்பற்றும் வயரிங் முறை பிரிட்டிஷ்காரருடையது. அங்கே 2004இல் மாற்றத் தொடங்கி, 2006 ஏப்ரலில் இருந்து புது வேலைக்குப் புது நிறம்தான். இங்கேயும் இப்போது கடைக்குப் போனால் கபிலமும் நீலமும்தான் எடுத்துத் தருகிறார்கள். இதற்குள் தமிழில் யூடியூப் பார்த்து வேலை பழகினால் பாதி வீடியோ தமிழ்நாட்டு ஆட்களுடையது, அங்கே இன்னும் சிவப்பு, கறுப்பு. அமெரிக்கக்காரனைப் பார்த்தால் அவனுக்குக் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். எங்களைப்போல முன்பாதி பழைய வயர், பின்பாதி புது வயர் என்று இருக்கிற வீட்டில் இதைக் குழப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள். பழையதும் புதியதும் சேர்கிற இடத்தில் சிவப்பு கபிலத்தோடும், கறுப்பு நீலத்தோடும் சேரவேண்டும். இந்த வீட்டில் இரண்டு நிற முறை இருக்கிறது என்று பெட்டியில் ஒரு எச்சரிக்கையும் ஒட்டுவது நல்லது. பாஸ் ஒட்டவில்லை. மூட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கறுப்பு டேப்பால் சுற்றி மூடியிருந்தார்.

அந்த வடிவான டைகளுக்கு வருவோம். கலர் கலந்த பைக்கட் ஒன்று வாங்கி, கையில் வந்ததைக் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தம்பி குசினி பிரேக்கரை இறக்கிவிட்டு, சிவப்பு டை கட்டின கொத்தில் மீட்டரை வைத்தான். ஒரு வயர் செத்திருந்தது, பக்கத்து வயரில் 230 வோல்ட் காட்டியது. அது அறை லைட்டுடையது. டையின் நிறத்துக்குச் சட்டம் ஒன்றும் இல்லை, செய்கிறவர் வைத்ததுதான் முறை. அதனால் இந்த நிறம் இந்தப் பிரேக்கர் என்று மூடிக்குள் ஒரு கடதாசி இருந்தால்தான் அது அடையாளம், இல்லாவிட்டால் தோரணம். லைவ் கொத்தில் நீல டை கட்டினால் தோரணம்கூட இல்லை, பார்க்கிறவன் நியூட்ரல் என்று நினைத்துக் கை வைப்பான். இரண்டு இடத்தில் டையை இழுத்த இழுவையில் வயரின் தோலே அமுங்கி வெள்ளையாய் வெளிறியிருந்தது. வெளியே கிணற்றடியில் கட்டின வெள்ளை டைகள் தொட்டதும் பொடிந்து விழுந்தன. வெயில் படுகிற இடத்துக்கு வெயில் தாங்கும் கறுப்பு டைதான் கட்டவேண்டுமாம்.

பிறகு குழாய்க்குள் இருந்த வயரை இழுத்தோம். நடுவில் ஒரு மூட்டு வந்தது, டேப் சுற்றினது. கொஞ்சத்தில் இன்னொன்று. புது வயருக்கு நான் கொடுத்த 85,000இல் எத்தனை பேர் வீட்டு மிச்சத் துண்டு எங்கள் சுவருக்குள் போயிருக்கிறது என்று தெரியவில்லை. திருப்பிக் கேட்டதற்குத் "தைப்பொங்கல் கழிய வாறன்" என்றார். பில் இல்லாமல் நான் யாரிடம் போய் என்ன கேட்பது?

ஆகவே காசைக் கொடுக்கும் முன் வயர் ரோலைக் கண்ணால் பாருங்கள், பில் உங்கள் பெயரில் எடுங்கள். சுவருக்குப் பூச்சு வைக்கும் முன்பே சுவிட்ச் மாட்டும் பேஸ் பெட்டிகளில் என்ன நிறம் எட்டிப்பார்க்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். டேப் போடவேண்டிய இடத்தில் சுட்டுச் சுருக்குகிற ஸ்லீவ் போடச் சொல்லிக் கேளுங்கள், இந்த வெயிலுக்கு அது நழுவாது. மெக்கானிக் தம்பியையும் முழுக்க விட்டுவிட முடியாது, ஒரு மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் அம்மாவுக்கு அடித்திருக்காது. நான் இப்போது மாதம் ஒருக்கா ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்க்கிறேன்.

கிணற்றடியும் குசினியும் திருத்த 38,000 ஆனது. பின்னறைச் சீலிங்குக்கு மேலே போகிற லைன் மட்டும் பாக்கி, மழை விட்டதும் தம்பி வருவான். அதுவரை அந்தப் பிரேக்கரை இறக்கி, யாரும் தூக்காமல் இருக்க மேலே ஒரு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். என்ன நிறம் என்று கேட்காதீர்கள், கையில் கிடைத்தது.