அபாக்கஸ் எக்ஸ்ஃபெம்: எலும்பு விரிசலுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

டஸ்ஸோ சிஸ்டம்ஸின் பொறியியல் கணிப்பு மென்பொருளான அபாக்கஸில், விரிசல் பரவுவதைக் கணக்கிடும் எக்ஸ்ஃபெம் (XFEM) வசதி 2009-இல், 6.9 பதிப்பில் வந்தது. விரிசல் போகப்போகும் பாதையில் மெஷ்ஷை (பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்த வலையை) முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டாம், விரிசல் நகர நகர மறுபடி மெஷ் போடவும் வேண்டாம். மெஷ்ஷின் ஒவ்வொரு கூறான எலிமென்ட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு விரிசல் தானே போகும். எலும்பு ஆய்வாளர்களை இழுப்பது இந்த வசதிதான். எங்கே கைகொடுக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று பார்க்கலாம்.

எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியான கார்ட்டிகல் எலும்பில், பள்ளம் வெட்டிய சிறு துண்டை மூன்று புள்ளி வளைவில் உடைப்பதுதான் நல்ல தொடக்கம். அலகுகள் மிமீ, நியூட்டன், மெகாபாஸ்கல் என்று ஒரே சீராக இருக்கட்டும். நீளவாக்கில் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 17,000, இழுவை வலிமை சுமார் 130. விரிசல் பரவச் செலவாகும் முறிவு ஆற்றலைக் கட்டுரைகள் பெரும்பாலும் நேரடியாகத் தருவதில்லை, விரிசல் பரவுவதை எதிர்க்கும் முறிவுத் தாங்குதிறனைத்தான் தரும். அதன் வர்க்கத்தை யங் குணகத்தால் வகுக்க வேண்டும். 2 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் என்றால் ஏறத்தாழ 0.235 நி/மிமீ வரும், 5 என்றால் 1.47. மீட்டரை மிமீ ஆக்க மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். அப்போதும் மென்பொருள் முணுமுணுக்காமல் ஓடிவிடும், அதுதான் ஆபத்து.

இதே எண்கள் மெஷ் அளவையும் சொல்லிவிடுகின்றன. தாங்குதிறனை வலிமையால் வகுத்து வர்க்கப்படுத்தினால் விரிசல் முனையில் சேதம் பரவும் பகுதியின் நீளம் தோராயமாகக் கிடைக்கும். 2-க்கும் 130-க்கும் அது 0.24 மிமீ. அதற்குள் நாலைந்து எலிமென்ட்டாவது வேண்டும், அதாவது 0.05 மிமீ. 0.2 மிமீ மெஷ்ஷில் வரும் உச்ச விசையை அறிக்கையில் எழுத வேண்டாம்.

தொடக்க விரிசல் எலிமென்ட் விளிம்பின் மேலேயே படுத்திருக்கக் கூடாது, அரை எலிமென்ட் தள்ளி வையுங்கள். விசையைத் தராமல் இடப்பெயர்ச்சியைத் தாருங்கள், இல்லையென்றால் உச்சம் தாண்டியதும் கணக்கு நின்றுவிடும். தாங்கிகளுக்கு அருகில் உள்ள எலிமென்ட்களை எக்ஸ்ஃபெம் பகுதியில் சேர்க்காதீர்கள், பொய் விரிசல் அங்கேதான் முளைக்கும். வெளியீட்டில், விரிசலின் இடத்தைக் காட்டும் பி.எச்.ஐ.எல்.எஸ்.எம் (PHILSM) மாறியைக் கேட்காவிட்டால் விரிசல் நடந்தும் திரையில் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் அரைநாள் தொலைப்பது இதில்தான்.

கான்வெர்ஜென்ஸ், அதாவது கணக்கு ஒரு விடையில் வந்து நிலைப்பது, இதன் பெரிய தலைவலி. தொடர்ச்சியற்ற பகுப்பாய்வுக்கான கன்ட்ரோல்ஸை இயக்குங்கள், ஒரு இன்கிரிமென்ட்டுக்கான (கணக்கின் ஒரு சிறு படிக்கான) முயற்சி வரம்பை 5-இலிருந்து 20 ஆக்குங்கள், கணக்கை நிலைப்படுத்தச் சேர்க்கும் செயற்கையான விஸ்காசிட்டியை (பிசுபிசுப்பை) 0.00001 அளவில் கொடுங்கள். அந்த விஸ்காசிட்டியையும் பாதியாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உச்ச விசை நகர்ந்தால் எலும்பின் வலிமையை அல்ல, நீங்கள் ஊற்றிய பசையின் வலிமையைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பழகிவிடும். நுண்ணமைப்பு அப்படியல்ல. கார்ட்டிகல் எலும்பின் உருளை வடிவ அலகான ஆஸ்டியான் ஒன்றின் விட்டம் 0.2 முதல் 0.3 மிமீ, நடுவே ரத்தக்குழாய் போகும் ஹாவர்ஸ் கால்வாய், சுற்றிலும் சில மைக்ரான் தடிமனில் அதன் எல்லையான சிமென்ட் கோடு. உண்மை எலும்பில் விரிசல் பல நேரங்களில் அந்தக் கோட்டில் திரும்பி ஆஸ்டியானைச் சுற்றிப் போகும், கார்ட்டிகல் எலும்பு எளிதில் உடையாததற்கு ஒரு முக்கியக் காரணம் அது. அபாக்கஸின் வழக்கமான அதிகபட்ச முதன்மைத் தகைவு விதியோ (இழுவை உச்சமாக இருக்கும் திசையைப் பார்ப்பது) விரிசலை அந்தத் தகைவுக்குச் செங்குத்தாகவே விடும். சிமென்ட் கோட்டுக்குக் குறைந்த வலிமை கொடுத்தாலும் விரிசல் அதன்வழி திரும்பாமல் ஆஸ்டியானைப் பிளந்து நேராகப் போகும். படம் பார்க்க அழகு, ஆனால் அது எலும்பின் நடத்தை அல்ல, விதியின் நடத்தை. பயனரே நிரல் எழுதிச் சேர்க்கும் யூ.டி.எம்.ஜி.ஐ.என்.ஐ (UDMGINI) சப்ரூட்டீனில், சிமென்ட் கோடு என்ற இடைமுகத்துக்குத் தனி விதியும் திசையும் எழுதினால்தான் சரியாகும். ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வழியில் போயிருக்கிறார்கள். இதற்கு ஃபோர்ட்ரான் கம்பைலர் தனியாக வேண்டும்.

விதியை மாற்றினாலும் தீராத குறைகள் உண்டு. ஒரு எலிமென்ட்டில் ஒரே விரிசல்தான், கிளை பிரியாது. மோதல் போன்ற வேகமான நிகழ்வுகளைக் கணக்கிடும் அபாக்கஸ் எக்ஸ்ப்ளிசிட்டில் இந்த வசதியே இல்லை, ஆகவே விழுந்த வேகத்தில் நொறுங்கும் இடுப்பெலும்பை இதில் தேட வேண்டாம்.

அபாக்கஸின் இலவச லேர்னிங் எடிஷனின் வரம்பு 1000 கணுக்கள் (எலிமென்ட்களின் மூலைப் புள்ளிகள்). இரு பரிமாணத்தில் ஏறத்தாழ 30க்கு 30 மெஷ். படிகளைப் பழகிக்கொள்ள அது போதும், சிமென்ட் கோட்டை வரைய நிச்சயம் போதாது. ஒற்றை விரிசல், தெரிந்த திசை, சோதனைக்கூட மாதிரி என்றால் கல்லூரி உரிமத்தில் தயங்காமல் எடுக்கலாம். விரிசல் கிளைத்துச் சேரும் வேலையென்றால் விரிசலைக் கூர்மையான வெட்டாக அல்லாமல் படிப்படியாகப் பரவும் சேதப் பட்டையாகக் காட்டும் ஃபேஸ் ஃபீல்ட் முறைதான் பொருத்தம். அதில் விரிசலின் அகலத்தைக் குறிக்கும் நீள அளவுக்குள் பல எலிமென்ட்கள் வேண்டும் என்பதால் கணினி நேரம் மளமளவென்று ஏறும். அதற்கேற்ற இயந்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.