எண்ணெயை நிறுத்துவதா, பணத்தை முடக்குவதா?

பொருளாதாரத் தடைகள் போரை ஒருபோதும் தடுக்காது என்று 2022 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் நிருபர்களிடம் ஜோ பைடன் சட்டென்று சொல்லிவிட்டார். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சில நாட்கள் முன்புதான், தடைகளின் நோக்கமே போரைத் தடுப்பது என்று அவருடைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் மியூனிக்கில் பேசியிருந்தார். இருவரில் யார் சொன்னது சரி? எந்தக் குழாயை, எப்போது, யாருக்கு அடைக்கிறோம் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். பெரிய குழாய்கள் இரண்டு: எண்ணெய், பணம்.

எண்ணெயை எடுத்துக்கொண்டால் 1935-உம் 1941-உம் நேர் எதிர். 1935 அக்டோபர் 3 அன்று முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. நவம்பர் 18 முதல் உலக நாடுகள் சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்னோடி) தடை அமலுக்கு வந்தது. ஆயுதம் கிடையாது, கடன் கிடையாது, இத்தாலியச் சரக்கை யாரும் வாங்கக்கூடாது. ஆனால் எண்ணெய், நிலக்கரி, எஃகு மூன்றும் பட்டியலில் இல்லை! சூயஸ் கால்வாயை மூடவும் பிரிட்டனுக்கு மனம் வரவில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டு இத்தாலியத் துருப்புக் கப்பல்கள் ஜம்மென்று போய்வந்தன. முசோலினி கோபித்துக்கொண்டு ஹிட்லர் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற பயம் (அப்புறம் சாயத்தான் செய்தார்). உள்நாட்டில் அந்தத் தடை அவருக்கு லாபமாகவே முடிந்தது. டிசம்பரில் இத்தாலியப் பெண்கள் கல்யாண மோதிரங்களைக் கழற்றி அரசுக்குக் கொடுத்தார்கள், ராணி எலெனாவும் கொடுத்தார். 1936 மேயில் அடிஸ் அபாபா விழுந்தது, ஜூலையில் தடையை எடுத்துவிட்டார்கள். எண்ணெயை நிறுத்தியிருந்தால் ஒரே வாரத்தில் பின்வாங்கியிருப்பேன் என்று முசோலினி பின்னர் ஹிட்லரிடம் சொன்னதாக ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்தான். சங்கத்திலேயே சேராத அமெரிக்கா எண்ணெய் விற்றுக்கொண்டுதானே இருந்திருக்கும்?

1941-இல் அந்த அமெரிக்காவே குழாயை அடைத்தது. ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவைப் பிடித்ததும் ரூஸ்வெல்ட் அரசு ஜப்பானின் சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவுடையது. இருந்த கையிருப்பு ஏறக்குறைய 2 வருடத்துக்கு வரும். டோக்கியோ போட்ட கணக்கு இதுதான்: எப்படியும் தீரப்போகிறது, தீர்வதற்குள் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெய்க் கிணறுகளைப் பிடித்துவிடலாம். டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர்மேல் தாக்குதல். இத்தாலிக்குப் போட்ட தடை பல் இல்லாதது. ஜப்பானுக்குப் போட்டது குரல்வளையைக் கடித்தது. இரண்டுமே போரை நிறுத்தவில்லை.

பணத்தின் கதை வேறு. 1956 அக்டோபர் இறுதியில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்தின் மேல் பாய்ந்தன. பவுண்டின் மதிப்பைக் காக்க பிரிட்டன் டாலர் கையிருப்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடனுக்கு வழிவிட அமெரிக்காவின் ஐசனோவர் அரசு மறுத்தது. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து அடைத்திருந்தார், சிரியா வழியாக வந்த எண்ணெய்க் குழாயும் தகர்ந்திருந்தது. அமெரிக்க எண்ணெய் கேட்டால், முதலில் வெளியேறு என்றார்கள். போருக்கு முதலில் துள்ளிய பிரிட்டிஷ் நிதியமைச்சர் மேக்மில்லனே போதும் என்று சொல்லும் நிலை வந்தது. படை இறங்கிய மறுநாள், நவம்பர் 6 நள்ளிரவில் சண்டை நின்றது. வெளியேற ஒப்புக்கொண்ட பிறகுதான் டிசம்பரில் ஐ.எம்.எஃப் பணம் வந்தது. ஒரு சின்ன விஷயம்: பிரான்ஸ் அக்டோபரிலேயே தன் கடன் ஏற்பாட்டை முடித்து வைத்திருந்தது. போரைத் தொடரவும் அதற்கு ஆசைதான், பிரிட்டன் இல்லாமல் தனியாக முடியவில்லை.

ரஷ்யாவும் பிரான்ஸைப் போல முன்கூட்டியே சேர்த்து வைத்தது, அதுவும் 600 பில்லியன் டாலருக்கு மேல். 2022 பிப்ரவரி இறுதியில் அதில் ஏறக்குறைய 300 பில்லியனை மேற்குலகம் முடக்கியது. ரூபிள் சரிந்தது, மாஸ்கோ வட்டியை 20 சதவீதத்துக்கு ஏற்றியது. ஆனால் ஐரோப்பா எரிவாயுவை வாங்கிக்கொண்டே இருந்தது, விலையும் ஏறியது. கடல்வழி எண்ணெய்க்கு ஐரோப்பா தடை போட்டது டிசம்பரில்தான். அதற்குள் இந்தியாவும் சீனாவும் தள்ளுபடி விலையில் வாங்கப் பழகிவிட்டன. பணக் குழாயை அடைத்து எண்ணெய்க் குழாயைத் திறந்து வைத்தால் தொட்டி நிரம்பத்தானே செய்யும்?

எனவே இரண்டில் ஒன்று என்றால் நான் பணத்தைத்தான் தேர்வு செய்வேன். எண்ணெய்க்காகப் படையெடுக்கலாம், ஐ.எம்.எஃப் கடனுக்காக எங்கே படையெடுப்பது? ஆனால் சூயஸில் அது பலித்ததற்குக் காரணம் பிரிட்டன் அமெரிக்காவின் நண்பன், கடனாளியும்கூட. புதினுக்கு அமெரிக்காவிடம் பெற வேண்டியது எதுவும் இல்லை.

அப்படியானால் முன்கூட்டியே மிரட்டினால்? 1921 நவம்பரில் அல்பேனியாவுக்குள் புகுந்த யுகோஸ்லாவியாமீது தடை போட வேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் உலக நாடுகள் சங்கத்தைக் கேட்டதுமே யுகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேட் படையைத் திரும்ப அழைத்தது. லண்டனில் கடன் வாங்கக் காத்திருந்த சின்ன நாடு அது.